சிடி 100 கண்ணாடி ரெண்டும் நிக்குதில்லை, என்ன செய்யலாம்?

முல்லைக்கரையான்:
பைக் வேலை தெரிஞ்ச அண்ணையவை ஒருக்காச் சொல்லுங்கோ. என்னட்டை இருக்கிறது பஜாஜ் சிடி 100. விடியப்புறம் முல்லைத்தீவுக் கரையில மீன் எடுத்து ஒட்டுசுட்டானுக்குக் கொண்டு போய், மிச்சத்தை முத்தையன்கட்டு உள்ளுக்கு வீடு வீடா விக்கிறனான். பின்னால ரெஜிபோம் பெட்டி கட்டினால் என்ர தோளுக்கு மேல நிக்கும். திரும்பிப் பார்த்தால் பெட்டிதான் தெரியும், அதால கண்ணாடி இல்லாமல் எனக்கு ஓட்டமே இல்லை.

தார் ரோட்டில சமாளிக்கலாம். கிரவலுக்கு இறங்கினால் இடப்பக்கக் கண்ணாடி தண்டோட சேர்ந்து பின்னுக்கு மடங்கி என்ர பக்கம் வந்திடும். வலப்பக்கத்தில தண்டு அசையாது, தலை மட்டும் மெல்ல மெல்லக் கவிண்டு என்ர முழங்காலைக் காட்டும். பின்னால மணல் டிப்பர் வந்து ஹோர்ன் அடிச்சாப் பிறகுதான் ஆள் இருக்கிறதே தெரியுது. கராச்சில குடுத்தால் இறுக்கித் தருவினம், அண்டைக்கு மட்டும் நிக்கும்.

துணுக்காய் பெடியன்:
மச்சான் ரெண்டையும் கழட்டி எறிஞ்சிட்டுப் புதுசு போடு. மீன் வித்த காசு எங்க போகுது 😄

பழைய கராச் (மாங்குளம்):
எறியத் தேவையில்லை. தம்பி, ரெண்டு கண்ணாடிக்கும் ஒரே வருத்தம் இல்லை. அதைப் பிரிச்சுப் பார்க்காமல் கண்டதையும் இறுக்கினால் கடைசியில தண்டைத் திருகிப் பூட்டுற புரிதான் போகும்.

பைக்கை நடு ஸ்ராண்டில விட்டிட்டு, ஒரு கையால தண்டின்ர அடியைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால தலையை ஆட்டிப் பாரும். தண்டு புரியில ஆடுதோ, தலைக்குப் பின்னால இருக்கிற உருண்டை மூட்டில ஆடுதோ, இல்லாட்டி இடப்பக்கத் தண்டு பூட்டியிருக்கிற கிளச் ஹோல்டரே ஹாண்டிலைச் சுத்தி வருதோ எண்டு விரலுக்கே தெரியும். நீர் சொல்லுறதைப் பார்த்தால் இடது புரி, வலது மூட்டு.

முதல் இடது. அடியில கறுத்த றப்பர் தொப்பி இருக்கு, அதை மேல தூக்கும். மீன் பிடிச்ச ஈரக் கை, கடற்காத்து, மழைத்தண்ணி எல்லாம் அதுக்குள்ளதான் தங்கும். பழுப்பாத் தண்ணி வடிஞ்சாலும் ஆச்சரியமில்லை. உள்ளுக்கு இருக்கிற நட்டுத்தான் லொக் நட். கனபேர் தண்டைப் பிடிச்சு முறுக்கி அடிமட்டும் இறக்கிறதோட வேலை முடிஞ்சுது எண்டு விட்டிடுவினம். தண்டைப் பிடிச்சு வைச்சிருக்கிறது அந்த நட்டு. அதைத் தொடாமல் விட்டால் மற்ற நாள் திரும்பக் கழரும்தானே.

நட்டைத் தளத்தி மேல ஏத்திப்போட்டுத் தண்டை முழுக்கக் கழட்டும். புரியை மண்ணெண்ணெயும் பழைய பல்லுப் பிறஷும் போட்டுத் தேய்ச்சு, ஹோல்டர் துளைக்குள்ளயும் துணி விட்டுத் துடையும். கிரவல் தூள் புரிக்குள்ள இருந்தால் அரம் போட்ட மாதிரி அலுமினியத்தைத் தின்னும். பிறகு தண்டை அடிமட்டும் இறக்கி, கொஞ்சம் பின்வாங்கி, சீற்றில இருந்து பார்த்துக் கோணத்தை வைச்சு, தண்டை அசையாமல் பிடிச்சுக்கொண்டு நட்டைக் கீழ இறுக்கும். பெரும்பாலும் 14 சாவி பிடிக்கும். நட்டுக்குக் கீழ ஒரு ஸ்பிறிங் வாசர் போட்டால் நல்லம். புரி கழராமல் விடுற பசை, நீல நிறத் திரெட் லொக் இருந்தால் ஒரு சொட்டு விடலாம். சிவப்பு வேண்டாம், பிறகு சூடு காட்டித்தான் கழட்ட வேணும். நீட்டுச் சாவி போட்டுப் பலம் காட்டாதையும்.

இடது மட்டும் ஏன் கழருது? காத்தும் காட்டுக் கொப்பும் தலையைப் பின்னுக்குத்தான் தள்ளும். இடப்பக்கத்தில அது கழருற திசை, வலப்பக்கத்தில இறுகுற திசை.

வலதுக்கு வாரும். தலைக்குப் பின்னால ஸ்குரூ இருந்தால் அதை இறுக்கிப் பாரும். ஸ்குரூ இல்லாமல் அடைச்ச மூட்டெண்டால் துணுக்காய்த் தம்பி சொன்னதுதான், அந்த ஒண்டை மட்டும் மாத்தும். எபொக்சி போட்டு ஒட்டுறவை இருக்கினம். அப்பிடி ஒட்டினால், பைக் சரியேக்க மூட்டு மடியாது, கண்ணாடி நொருங்கும். வாங்கேக்க தட்டையோ குவிவோ எண்டும் பாரும். குவிவில இடம் கூடத் தெரியும், ஆனால் வாகனம் சின்னனாத் தெரிஞ்சு தூரத்தில நிக்கிற மாதிரி இருக்கும். அதை நம்பி டிப்பருக்கு முன்னால வலத்துக்கு எடுத்துப்போடாதையும்.

நெடுங்கேணி ரீச்சர்:
நான் தண்ணிக் குழாய்க்குச் சுத்துற வெள்ளை ரேப்பைப் புரியில சுத்தினனான், ஸ்கூட்டியில வடிவா நிக்குது. ஏன் இவ்வளவு மினைக்கெடுவான்?

பழைய கராச் (மாங்குளம்):
ரீச்சர், உங்கட பள்ளிக்கூடம் தார் ரோட்டில இருக்கு எண்டு நினைக்கிறன் 🙂 ரேப் புரியில இருக்கிற சின்ன ஆட்டத்தை எடுக்கும், பிழையில்லை. லொக் நட்டின்ர வேலையை அது செய்யாது.

கனகராயன்குளம் எஃப்இசட்:
அண்ணை இடையில ஒரு கேள்வி. யமஹா எஃப்இசட். கடையில வாங்கின வலது கண்ணாடி புரியே பிடிக்குதில்லை. எந்தப் பைக்குக்கும் சரிவரும் எண்டுதான் தந்தவை.

பழைய கராச் (மாங்குளம்):
யமஹாவுக்கு வலப்பக்கம் எதிர்ப்புரி தம்பி, இடத்துக்குச் சுத்தினால்தான் இறுகும். ஏதும் அடிச்சால் இறுகி முறியாமல் கழண்டு சுத்தட்டும் எண்டு அப்பிடி வைச்சிருக்கிறான். யமஹா வலது எண்டே கேட்டு வாங்கும், இல்லாட்டி எதிர்ப்புரி அடாப்டர் போடலாம். பலவந்தமா முறுக்கிப்போடாதையும். அந்தத் துளை இருக்கிறது முன் டிஸ்க் பிறேக்கின்ர எண்ணெய்க் கோப்பையோட சேர்ந்த வார்ப்பில. புரி போனால் செலவு கண்ணாடியோட நிக்காது.

முல்லைக்கரையான்:
அண்ணை, இடது தொப்பியைத் தூக்கினன், நட்டு மேலயே துருப்பிடிச்சு நிண்டது. எண்ணெய் விட்டுக் கழட்டியாச்சு. ஆனால் ஹோல்டர் துளையில மேல்ப்புரி தேய்ஞ்சு மினுங்குது, கீழ இருக்கிறது நல்லாத் தெரியுது. வெல்டிங் வைச்சுத் துளைக்கலாமோ?

பழைய கராச் (மாங்குளம்):
வெல்டிங் வேண்டாம், அந்த அலுமினியத்தில வெடிப்பு விழும். கீழ்ப்புரி பிடிச்சால் நட்டை இறுக்கி இப்போதைக்கு ஓடும். பிடிக்காட்டிக் கிளச் ஹோல்டரை அப்பிடியே மாத்தும், கேபிளையும் லீவரையும் கழட்டிப் போடுற வேலைதான். வலது கண்ணாடியை மட்டும் நாளைக்குப் பின்போடாதையும். டிப்பர் முந்துறது அந்தப் பக்கத்தால.

முல்லைக்கரையான்:
ஓமண்ணை. ஒட்டுசுட்டானில கடை திறக்க எட்டு மணி ஆகும், மீனைக் குடுத்திட்டு அப்பிடியே போறன். கண்ணாடி தட்டையாத்தான் கேப்பன்.