தம்பியின் விவரம் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது, யாரிடம் போய்ச் சொல்வது?

தையற்கடை அக்கா:

வணக்கம். என் தம்பிக்கு 33 வயது. அறிவுசார் குறைபாடு. மஞ்சள் பட்டை போட்ட யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் 75 சதவீதம் என்று இருக்கிறது. அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது, வீட்டில் நானும் அவனும்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். காலை 9:30க்குக் கிளம்பினால் திரும்ப 6 மணி ஆகிவிடும். மதியம் ஒரு மணிக்கு ஓடி வந்து அவனுக்குச் சோறு போட்டுவிட்டுப் போவேன். ஊர் பெயரை எழுதவில்லை. எழுதினால் எங்களைத் தெரிந்தவர்கள் யாரென்று சொல்லிவிடுவார்கள்.

போன மாதம் உதவித்தொகை சரிபார்ப்பு முகாமுக்கு அவனைக் கூட்டிப்போனேன். படிவத்தில் பெயர், ஆதார், வங்கிக் கணக்கு, என்ன குறைபாடு, எத்தனை சதவீதம், போன் நம்பர், கவனித்துக்கொள்பவர் யார் என்று எல்லாம் கேட்டிருந்தார்கள். உள்ளபடியே எழுதினேன். மேசையில் இருந்த பெண், "பகல்ல யாரும்மா பாத்துக்கறாங்க?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். பகல்நேரக் காப்பகத்துக்குச் சிபாரிசு செய்யலாம் என்ற நல்ல எண்ணத்தில்தான் கேட்டார், அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

பத்து நாள் கழித்து, கடைக்கு ரவிக்கைத் துணி கொண்டுவந்த ஒரு பெண் தன் போனை நீட்டி, "இது உன் தம்பிதானே?" என்றார். எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழு. "உங்கள் பெயர் இருக்கிறதா பார்த்துக்கொள்ளவும்" என்று ஒரு எக்ஸெல் கோப்பு போட்டிருந்தார்கள். 140 பேருக்கு மேல். 87ஆவது வரியில் என் தம்பி. ஆதார் 12 இலக்கமும் முழுசாக இருந்தது, கணக்கு எண் இருந்தது, அவன் போன் நம்பர் இருந்தது. கடைசிக் கட்டத்தில் "பகலில் தனியாக இருப்பார்".

அடுத்த வாரமே அவனுக்கு ஒரு போன் வந்தது. அவனிடம் பட்டன் போன் இருக்கிறது, 2ஐ அழுத்திப் பிடித்தால் எனக்கு வரும், அதற்காகத்தான் வாங்கிக் கொடுத்தேன். பேசியவன் ஆபீஸிலிருந்து என்று சொல்லி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பணம் நின்றுவிடும், பாஸ்புக்கை எடுத்து நம்பரைப் படி என்றிருக்கிறான். தம்பி எண்களை ஒவ்வொன்றாகப் படிப்பான். பீரோ பூட்டியிருந்தது. "அக்கா பூட்டி வச்சிருக்கா, ஆறு மணிக்குத்தான் வருவா" என்று சொல்லியிருக்கிறான். நான் வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே நின்று சந்தோஷமாகச் சொன்னான், ஆபீஸ்காரர் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்று.

பணம் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து மதியம் ஒரு மணி வரை கடையில் கை ஓடுவதில்லை. கேட்பவருக்கு எதையும் மறைக்கத் தெரியாத ஒருவன் எந்த நேரத்தில் தனியாக இருக்கிறான் என்று ஊருக்கே எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

யாரிடம் புகார் சொல்வது? சொன்னால் மாதம் வரும் 2000 ரூபாயை நிறுத்திவிடுவார்களா? அவனுக்கு 18 வயது எப்போதோ தாண்டிவிட்டது, அவனுக்காகக் கையெழுத்துப் போட எனக்கு உரிமை உண்டா? இதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்:

அம்மா, இதே மாதிரி ஓர் அலுவலகத்தில் 28 வருடம் இருந்தவன் நான். முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்கிறேன். விவரம் வெளியே போனதைப் பற்றி மனு கொடுத்தார் என்பதற்காக ஒருவரின் உதவித்தொகையை நிறுத்த யாருக்கும் அதிகாரம் கிடையாது. வாழ்வுச் சான்று தராமல் விட்டால் நிற்கும், கணக்கில் ஏதாவது கோளாறு இருந்தால் நிற்கும். மனு கொடுத்தால் நிற்காது. தைரியமாகப் போங்கள்.

பட்டியல் எப்படி வெளியே போகிறது என்று எனக்குத் தெரியும். ஒரே எக்ஸெலில் எல்லாக் கட்டமும் இருக்கும். வங்கிக்கு ஒன்று, கிராம நிர்வாக அலுவலருக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பிரித்து அனுப்ப வேண்டும். ஆனால் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு "உடனே அனுப்பு" என்று போன் வரும், முழுக் கோப்பையும் அப்படியே அனுப்பிவிடுவோம். விஏஓ தன் உதவியாளருக்கு அனுப்புவார், அவர் தெரிந்த இரண்டு பேருக்கு அனுப்புவார், யாரும் விட்டுப்போகக் கூடாதே என்று அவர்களில் ஒருவர் ஊர் குழுவில் போட்டுவிடுவார். திருட்டு எதுவும் நடந்திருக்காது. நானே அப்படிப் பலமுறை அனுப்பியிருக்கிறேன். அந்த வரிகளில் தனியாக இருக்கும் பெண்கள் இருந்தார்கள், பேச முடியாத பிள்ளைகள் இருந்தார்கள். உங்கள் பதிவைப் படித்த பிறகு மனசு சரியில்லை.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனுவை இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் கொடுத்து, இரண்டுக்கும் ஒப்புகை வாங்குங்கள். மனுவில் முக்கியமாக ஒன்று கேளுங்கள்: இந்தக் கோப்பு அலுவலகத்திலிருந்து யார் யாருக்கு அனுப்பப்பட்டது என்று எழுத்தில் சொல்ல வேண்டும். குழுவிலிருந்து நீக்கச் சொல்லியும் கேளுங்கள், ஆனால் ஏற்கெனவே இறக்கி வைத்தவர்கள் போனில் அது இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். அப்புறம், ஆதாரமாக அந்தக் கோப்பை முழுசாக அச்செடுத்து மனுவோடு இணைத்துவிடாதீர்கள். மற்றவர்கள் வரிகளை மறைத்து, உங்கள் தம்பியின் வரியை மட்டும் காட்டுங்கள்.

தெற்குச்சீமை வக்கீல்:

அக்கா, மேலே ஐயா சொன்ன வழி சரியானது. சட்டத்தில் எது உங்களுக்குக் கைகொடுக்கும், எது கொடுக்காது என்பதை மட்டும் சேர்க்கிறேன்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் 23ஆம் பிரிவு ரகசியம் காப்பது பற்றியது. சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ விவரத்தையோ சம்மதமில்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்பது 24ஆம் பிரிவு. பலரும் இதைத்தான் உடனே மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அறிவுசார் குறைபாடு அந்தச் சட்டத்தின் "மனநோய்" என்ற வரையறைக்குள் வராது. மனுவில் அதை எழுதினால் எளிதாகத் தள்ளிவிடுவார்கள், எழுத வேண்டாம்.

ஆதார் சட்டம் 29ஆம் பிரிவை எழுதுங்கள். ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடவோ ஒட்டவோ கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. இது புதிய வியாதி அல்ல. 2017 மே மாதம், பெங்களூரில் உள்ள இணையம் மற்றும் சமூக ஆய்வு மையம் வெளியிட்ட அறிக்கையில், நான்கு அரசுத் தளங்களிலிருந்து மட்டும் 13 கோடிக்கும் மேற்பட்ட ஆதார் எண்கள் வெளியே தெரிந்திருக்கலாம் என்று கணக்கிட்டிருந்தார்கள். அந்த நான்கில் ஒன்று முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி ஓய்வூதியங்களுக்கான தேசிய சமூக உதவித் திட்டத்தின் தளம். அதாவது, போன் வந்தால் ஏமாற வாய்ப்பு அதிகம் உள்ளவர்களின் பட்டியல்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. தரவை வைத்திருப்பவர்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம் கொடுத்திருக்கிறார்கள். நலத்திட்டம் கொடுப்பதற்காக அரசு விவரம் வாங்கும்போது தனியாகச் சம்மதம் கேட்க வேண்டியதில்லை என்று 7ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே "நாங்கள் சம்மதிக்கவில்லை" என்று வாதாடுவதைவிட, "வாங்கியதைப் பத்திரமாக வைக்கவில்லை, தேவைக்கு மேல் பரப்பினீர்கள்" என்று வாதாடுவது பலமாக நிற்கும்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. தகவல் உரிமைச் சட்டம் 4ஆம் பிரிவு, மானியத் திட்டங்களில் பயனடைந்தவர்களின் விவரத்தை அரசு தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. இறந்தவர் பெயரில் பணம் எடுப்பதை ஊர்க்காரர்கள் கண்டுபிடிப்பது இப்படித்தான். அந்த உரிமையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதற்குப் பெயரும் ஊரும் தொகையும் போதும். வங்கிக் கணக்கும் குறைபாட்டின் விவரமும் எதற்கு? "பகலில் தனியாக" என்பது எந்தத் தணிக்கைக்கு வேண்டும்?

கையெழுத்து விஷயம். 18 தாண்டிய பிறகு அக்கா என்பதால் மட்டும் சட்டப்படி காப்பாளர் ஆகிவிட முடியாது, அப்பா அம்மாவே ஆக முடியாது. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999இன் கீழ், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு காப்பாளரை நியமிக்கும். விண்ணப்பித்துவிடுங்கள், எதிர்காலத்தில் வங்கியிலும் உதவும்.

மனுவுக்குப் பதில் வராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன்படி விசாரணையில் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள சில அதிகாரங்கள் அவருக்கு உண்டு. அந்தப் போன் நம்பரை 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் இன்றே சொல்லிவிடுங்கள். இனிமேல் நகல் கேட்டால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுங்கள். கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதியும் இருக்கிறது, ஆனால் தம்பி வங்கி முகவரிடம் விரல் வைத்துப் பணம் எடுப்பவராக இருந்தால் ஒவ்வொரு முறையும் திறக்க வேண்டியிருக்கும். யோசித்துச் செய்யுங்கள்.

சக்கரநாற்காலி:

தண்டுவடக் காயம், 14 வருடமாகச் சக்கர நாற்காலி. எனக்கும் ஒரு பட்டியல் கதை உண்டு. ஒரு விழாவில் நாற்காலி கொடுத்தபோது கையில் அட்டையைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். மறுநாள் என் பெயர், அட்டை எண், "இடுப்புக்குக் கீழ் உணர்வற்றவர்" என்ற வரி எல்லாம் முகநூலில். என் மாமனார் வீட்டில் அதைப் பார்த்துவிட்டுத்தான் முதல்முறையாக அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். எந்தக் கேள்வி என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். 2023 டிசம்பரில் தூத்துக்குடியில் வெள்ளம் வந்தபோது நான் அங்கே இருந்தேன். தரைத்தள வீடு, மனைவி ஊரில் இல்லை. என்னைத் தேடி வந்தவர் எங்கள் பகுதி சுகாதார ஊழியர். யார் வீட்டில் யார் எழுந்து நடக்க முடியாது என்று அவர் நோட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த வரி அவரிடம் இருந்ததால்தான் இன்று நான் இதை எழுதுகிறேன். ஆகவே "தனியாக இருப்பார்" என்பதை அடியோடு அழிக்கச் சொல்லாதீர்கள். யாரிடம் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். வந்து கதவைத் தட்டக்கூடிய ஒருவரிடம் இருக்கட்டும், குழுவில் வேண்டாம்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த விவரம் தம்பியுடையது. அவரிடம் கேட்டீர்களா? நீங்கள் எழுதியதில் ஆபீஸ்காரர் கூப்பிட்டதும் அவர் சந்தோஷப்பட்டார் என்ற வரிதான் எனக்கு மனதில் நிற்கிறது. அவரைப் பெயர் சொல்லி யாரும் எதையும் கேட்பதே இல்லையோ என்று தோன்றியது.

தையற்கடை அக்கா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று திங்கட்கிழமை, கடையைப் பூட்டிவிட்டுத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு ஒப்புகையும் கையில் இருக்கிறது. அதிகாரி கோப்பைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. குழுவில் போட்டவரைக் கூப்பிட்டு நீக்கச் சொன்னார். யார் யாருக்கு அனுப்பினார்கள் என்பதற்கு 15 நாளில் எழுத்தில் பதில் தருவதாகச் சொல்லியிருக்கிறார். 1930க்கும் சொல்லிவிட்டேன்.

சக்கரநாற்காலி அண்ணா, நீங்கள் கேட்டது என்னைக் குத்தியது. கோபமில்லை. அவனிடம் நான் கேட்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு சாப்பிட்ட பிறகு உட்கார்த்திவைத்து, அந்தப் படிவத்தில் உள்ளதை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். பெயருக்குத் தலையாட்டினான். வயதுக்குத் தலையாட்டினான். பாஸ்புக் நம்பர் என்றதும் "அது அக்காவோடது" என்றான். "பகலில் தனியாக இருப்பார்" என்று படித்தேன். "தப்பு" என்றான். "நான் தனியா இல்ல. ரேடியோ இருக்கு. பாட்டி இருக்கு."

பக்கத்து வீட்டுப் பாட்டியைச் சொல்கிறான். பதினொரு மணிக்கு அவன் போய் அவர்களுக்குத் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைப்பான் என்பது எனக்குத் தெரியும். அதை நான் துணை என்று நினைத்ததில்லை. பாட்டியிடம் போய்ப் பேசினேன், அவசரத்துக்குத் தன் நம்பரைக் கொடுக்கச் சம்மதித்தார்கள். அதிகாரியும் அந்த வரியைத் திருத்தி, "பகலில் தொடர்புக்கு: பக்கத்து வீடு" என்று போட்டு, அது கள அலுவலருக்கு மட்டும் தெரியும்படி வைக்கலாம் என்றார்.

போன் பழக்கத்துக்கும் ஒரு வழி செய்திருக்கிறோம். யார் கூப்பிட்டாலும் "அக்காகிட்ட கேளுங்க" என்று சொல்லி வைத்துவிட்டு 2ஐ அழுத்த வேண்டும். கடையிலிருந்து தையல்காரப் பெண்ணின் போனில் நான்கு முறை கூப்பிட்டுப் பார்த்தேன். மூன்று முறை சரியாகச் செய்தான், ஒரு முறை சாப்பிட்டாயா என்று கேட்டுப் பேச்சை வளர்த்தான்.

காப்பாளர் விண்ணப்பத்துக்கு அவனுடைய சான்றிதழ் நகலெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். பாட்டி நம்பரை மட்டும் இன்னும் அலுவலகத்தில் கொடுக்கவில்லை. அந்த 15 நாள் பதில் கைக்கு வரட்டும் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.