பகிடிவதைக் கூட்டம்: கம்பஸ் போற பெடியளுக்கு உண்மையில என்ன சொல்லிக் குடுக்கலாம்?

குளக்கட்டு:
வணக்கம். முள்ளியவளைப் பக்கம் எங்கட பழைய மாணவர் சங்கம் இந்த முறை கம்பஸ் கிடைச்ச பிள்ளையளுக்கு பகிடிவதையை (ராகிங்) எப்பிடிச் சமாளிக்கிறது எண்டு அரைநாள் கூட்டம் ஒண்டு வைக்குது. நாற்பது பேரளவில வருவினம், தாய் தகப்பனும் கூட. சிலர் பம்பைமடுவுக்கு (வவுனியா கம்பஸ்), சிலர் அறிவியல் நகருக்கு (யாழ். கம்பஸின்ர கிளிநொச்சி வளாகம்), மிச்சம் பேராதனை, மொறட்டுவை. ‘பகிடிவதையை ஒழிப்போம்’ எண்ட பதாகையும் பேச்சும் வேண்டாம் எண்டு முடிவெடுத்திட்டம். மூண்டு மணித்தியாலத்தில உருப்படியா என்ன சொல்லலாம்?

வீரைமரம்:
தாய் தகப்பனில இருந்து தொடங்குங்கோ. "கொஞ்ச நாளைக்குத்தானே, பொறுத்துக்கொள்" எண்டு வீட்டில ஒருக்காச் சொன்னால், பிள்ளை இரண்டாம் தரம் போன் எடுத்துச் சொல்லாது.

அடுத்தது, பிடி எங்க இருக்கெண்டு பாருங்கோ. வன்னியில இருந்து பேராதனைக்குப் போற பிள்ளைக்கு அங்க ஒருத்தரையும் தெரியாது. பஸ் ஸ்ராண்டில வந்து கூட்டிக்கொண்டு போறதும், போர்டிங் பிடிச்சுக் குடுக்கிறதும், குப்பி (பாடம் சொல்லிக் குடுக்கிற வகுப்பு) எடுக்கிறதும் சீனியர்தான். அந்த நன்றிக்கடனில இருந்துதான் "அண்ணா சொன்னாக் கேக்கோணும்" தொடங்கும். ஆனபடியால் பதிவு நேரமே விடுதிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கோ. வெளியில அறை எண்டால் வீட்டுக்காரரோட பெற்றோர் நேர கதைச்சு, முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்கட்டும். ஒரே பீடத்துக்குப் போறவையை கூட்டத்திலயே பக்கத்தில இருத்தி, நம்பர் மாத்த வையுங்கோ. தனிய மறுக்கிறவனை ஒதுக்கிறது சுகம், நாலு பேரை ஒதுக்கிறது கஷ்டம்.

மறுத்தால் ஒண்டும் நடக்காது எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. ‘அன்ரி’ (பகிடிவதைக்கு எதிரான ஆள்) எண்டு பேர் வைப்பினம், பற்ச் ட்ரிப்புக்குக் கூப்பிடாயினம். அதை முன்னமே சொன்னால்தான் மிச்சத்தையும் நம்புவினம்.

பாலைப்பழம்:
சட்டப் பகுதிக்கு இருபது நிமிடம் போதும். பகிடிவதையைத் தடை செய்வது 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். உடலுக்கோ மனதுக்கோ பாதிப்பை, வேதனையை, பயத்தை உண்டாக்கும் அல்லது உண்டாக்கக்கூடிய செயல் பகிடிவதை. அடி விழுந்திருக்க வேண்டும் என்றில்லை. நிறுவனத்துக்கு உள்ளே நடந்தாலும் வெளியே நடந்தாலும் குற்றம். ஆகவே "இது போர்டிங்கில நடந்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்ற பதில் செல்லாது. செய்தவருக்கு மட்டுமல்ல, பங்குபற்றியவருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறை. பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ சேர்ந்தால் பத்து ஆண்டு வரை. அடுத்த வருடம் இதே பிள்ளைகள் சீனியர்கள், அதனால் ‘பங்குபற்றியவர்’ என்ற சொல்லை இரண்டு தரம் சொல்லுங்கள்.

முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதியுடன் கையொப்பம் வாங்க வேண்டும். பொலிஸில் கொடுத்தால் முறைப்பாட்டு இலக்கம் முக்கியம். வாக்குமூலம் விளங்காத மொழியில் இருந்தால் கையெழுத்து வைக்க வேண்டாம், தமிழில் எழுதக் கேட்கலாம்.

தாதி அக்கா:
தோப்புக்கரணத்தைப் பகிடியா எடுக்காதேங்கோ. 1997இல பேராதனை பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதைக்குப் பிறகு சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த வருசம்தான் மேல சொன்ன சட்டம் வந்தது.

பழக்கமில்லாத ஆளை நூற்றுக்கணக்கில இருந்தெழும்ப வைச்சால் தசை உடைஞ்சு, அதில இருக்கிற மயோகுளோபின் எண்ட புரதம் இரத்தத்தில கலக்கும். அது சிறுநீரகத்தைப் பாழாக்கும். வெயிலும் தண்ணி குடிக்காததும் சேர்ந்தால் இன்னும் மோசம். அண்டைக்கு ஆள் நல்லாத்தான் இருப்பார், அங்கதான் ஏமாறுறது. ஒண்டு, இரண்டு, மூண்டு நாளுக்குள்ள தொடை வீங்கி, படி ஏறேலாமல் வரும். சிறுநீர் பிளேன்ரீ இல்லாட்டி கோலா நிறத்தில போகும், பிறகு குறையும். நிறம் மாறினால் காத்திருக்கக் கூடாது, 1990 அம்புலன்சுக்கு அடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. நோவுக்கு டைகுளோபெனாக், இபுபுரோபென் போட வேண்டாம், சிறுநீரகத்துக்கு அது இரண்டாவது அடி.

டொக்டரிட்ட "உடம்பு நோவு" எண்டு மட்டும் சொன்னால் பரசிற்றமோலோட அனுப்பிப் போடுவினம். எத்தனை தரம், எப்ப, செய்ய வைச்சது எண்டு சொன்னால்தான் இரத்தத்தில சீ.கே. (தசை உடைஞ்சதைக் காட்டுறது), கிரியற்றினின் (சிறுநீரகத்தின்ர நிலையைக் காட்டுறது), பொற்றாசியம் பார்ப்பினம். பேர் சொல்லப் பயமெண்டால் பேரை விடுங்கோ, எண்ணிக்கையைச் சொல்லுங்கோ.

நித்திரை இல்லாமல், சாப்பிடாமல், ‘இருந்தென்ன’ எண்டு கதைக்கிற பிள்ளைக்கு 1926, இருபத்திநாலு மணித்தியாலமும் தேசிய மனநல நிறுவகத்தின்ர இலக்கம்.

குளக்கட்டு:
நன்றி அக்கா. பதிவுக்கு முன்னமே வட்ஸ்அப் குறூப்பில சேர்த்து, இரவில வொய்ஸ் கோல் எடுத்து ஏசுறாங்களாம். அதுக்கு என்ன செய்யலாம்?

பாலைப்பழம்:
குறூப்பை விட்டு வெளியேற முதல் ஆதாரத்தை எடுக்க வேண்டும். நம்பரை ‘ரமேஷ் அண்ணா’ என்று சேமித்திருந்தால் ஸ்கிரீன்ஷொட்டில் பெயர்தான் விழும், அந்தப் பெயரை யாரும் மறுக்கலாம். தொடர்பை அழித்துவிட்டு, நம்பர் தெரியும்படி எடுக்க வேண்டும். குறூப் உறுப்பினர் பட்டியலும் தேவை. பிறகு உரையாடலை ‘எக்ஸ்போர்ட்’ செய்து மின்னஞ்சலுக்கு அனுப்பலாம். மறையும் செய்தி போட்டிருந்தாலோ எக்ஸ்போர்ட் தடுக்கப்பட்டிருந்தாலோ இன்னொரு போனால் திரையைப் படம் பிடியுங்கள். வொய்ஸ் கோலுக்கு அழைப்புப் பதிவில் திகதி, நேரம் இருக்கும், சொன்னதை அன்றிரவே கொப்பியில் எழுதட்டும். இவற்றை முகநூலில் போட வேண்டாம். அவதூறு என்று எதிர்வழக்குக் கதை தொடங்கும், விசாரணை ஒரு பக்கம் போய்விடும்.

வீரைமரம்:
கடைசி அரை மணித்தியாலத்துக்கு ஆளுக்கொரு ஏ4 தாள் குடுங்கோ. ‘என்ன, எங்க, எப்ப, ஆர் பார்த்தது’ எண்ட நாலையும் வைச்சு ஒரு மாதிரி முறைப்பாடு எழுதட்டும். எழுதினதைப் பக்கத்தில இருக்கிற தாயோ தகப்பனோ வாசிக்கட்டும்.