மட்டை மெஷின் நார் நாராகத் தள்ளுகிறது, அதிர்வும் இருக்கிறது: எதைப் பார்க்க வேண்டும்?

கேட்டவர் (பொள்ளாச்சி):
வணக்கம். தென்னை மட்டையைத் தூளாக்கி மரத்தைச் சுற்றி மூடாக்குப் போடுகிறோம். டிராக்டர் பிடிஓவில் (இன்ஜின் விசையை வெளியே தரும் சுழல்தண்டு) ஓடும் மெஷின், சுழலும் தட்டில் நான்கு கத்தி. முன்பு சில்லு சில்லாக விழும். இப்போது பச்சை மட்டை போட்டால் நார் நாராக வந்து வாய் அடைக்கிறது. கத்தியைச் சாணை பிடித்து மாட்டியதிலிருந்து அதிர்வு வேறு. பேரிங் போய்விட்டதா?

பதில் (உடுமலை, பட்டறை):
சாணைக்குப் பிறகுதான் அதிர்வு என்றால் பேரிங்கை அப்புறம் பார்க்கலாம். முதலில் இன்ஜினை நிறுத்திச் சாவியை உங்கள் பையில் போடுங்கள். பிடிஓ ஷாஃப்ட்டையும் கழற்றிவிடுங்கள். தட்டு முழுதாக நின்ற பிறகு மூடியைத் திறந்து, மரக்கட்டை கொடுத்து அது சுற்றாமல் நிறுத்துங்கள். கையால் தள்ளினாலே விரலை எடுத்துவிடும், இதில் அவசரம் வேண்டாமுங்க.

கத்திகளை எலக்ட்ரானிக் தராசில் வையுங்கள். எதிரெதிர்க் கத்திகளின் எடை ஒத்துப்போக வேண்டும். கூடுதலாக இருப்பதை வெட்டுமுனையில் தொடாமல் பின்விளிம்பில் உரசிக் குறையுங்கள். சாணையும் சரிவான பக்கம் மட்டும்தான், தண்ணீர் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். இரும்பு நீலம் பாய்ந்தால் பதம் போச்சு.

நாருக்குக் காரணம் பெரும்பாலும் நிலைக்கத்தி, அதாவது சுழலும் கத்திக்கு எதிரே அசையாமல் இருக்கும் கத்தி. சாணை பிடிக்கப் பிடிக்க ஓடும் கத்தி தேயும், இரண்டுக்கும் நடுவே இடைவெளி அகலும். பல மெஷின்களில் 1.5 முதல் 3 மி.மீ. வரை இருக்கும், உங்களுடையதற்குக் கையேட்டில் உள்ள அளவை வையுங்கள். போல்ட் மாற்றினால் அதே தரத்தில், தலையில் குறைந்தது 8.8 என்ற வலிமை முத்திரை உள்ளதாகப் போடுங்கள். சாதாரண போல்ட் அறுந்தால் கத்தி பறக்கும்.

பதில் (பேராவூரணி):
மட்டையைத் தரையில் இழுத்து வருகிறீர்களா? அடிமட்டையில் ஒட்டும் மணல்தான் கத்தியைத் தின்கிறது. தட்டிவிட்டுப் போடுங்கள். வேலை முடிந்ததும் ஷாஃப்ட்டில் சுற்றிய நாரை அறுத்தெடுங்கள், அது பேரிங் சீலுக்குள் புகுந்துவிடும். பிடிஓ குறுக்கு ஜாயிண்டுக்கு ஓட்டும் நாளெல்லாம் கிரீஸ் அடிப்பது நல்லது.

கேட்டவர்:
தராசில் வைத்தேன் அண்ணா, ஒரு ஜோடியில் 18 கிராம் வித்தியாசம்! சரிசெய்ததும் அதிர்வு நின்றுவிட்டது. நிலைக்கத்தியின் முனை உருண்டு போயிருந்தது. மறுபக்கம் திருப்பி மாட்டினேன், தூள் அருமையாக விழுகிறது. ஆனால் தடித்த அடிமட்டை போனால் ரப்பர் கருகிய வாடை வருகிறது.

பதில் (உடுமலை, பட்டறை):
பெல்ட் வழுக்குகிறது. இழுவையைக் கூட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் பளபளப்போ வெடிப்போ இருந்தால் மாற்றுங்கள், ஒன்றை மட்டும் அல்ல, முழு செட்டையும். புதுசும் பழசும் கலந்தால் புதுசின் மேலேயே பாரம் எல்லாம் விழும். அப்புறம், பிடிஓ நிமிடத்துக்கு 540 சுற்றுக்கு வந்த பிறகே மட்டையைக் கொடுங்கள்.