வியாழக்கிழமை கரைஞ்ச துர்கை வெள்ளிக்கிழமை வந்தா: வங்காளிகளோட 'வீக்கெண்ட் பூஜை' சரியா?

எடிசன்காரன்:
நியூ ஜெர்சியில பன்னிரண்டு வருஷமா இருக்கேன். பக்கத்து வீட்டு வங்காளி தாதா (அவங்க பாஷையில அண்ணன்) கூப்பிட்டாரேன்னு துர்கா பூஜைக்குக் குடும்பத்தோட போனேன். 2025-ல அஷ்டமி செப்டம்பர் 30, செவ்வாய். விஜயதசமி அக்டோபர் 2, வியாழன். இவங்க ஆரம்பிச்சதே அக்டோபர் 3, வெள்ளி சாயங்காலம்! கல்கத்தாவுல தசமி முடிஞ்சாச்சு, இங்க அப்பதான் 'போதன்', அதாவது அம்மனை எழுப்புற சடங்கு. சனிக்கிழமை காலையில சப்தமி, மத்தியானம் அஷ்டமி. ஞாயித்துக்கிழமை நவமியும் தசமியும் ஒரே மூச்சுல.

இடம் ஒரு பள்ளிக்கூட ஜிம். பாஸ்கெட்பால் வளையத்துக்கு நேர் கீழ சிங்கவாகினி. வாசல்ல மேசை போட்டு, பணம் கட்டினவங்க கையில காகிதப் பட்டை ஒட்டுறாங்க. சாமி கும்பிடப் போனேனா, சினிமாவுக்குப் போனேனான்னு தெரியல.

ஹௌரா மருமகள்:
அண்ணே, நான் மதுரைப் பொண்ணு, ஹௌராவுக்கு வாக்கப்பட்டவ. இங்க வேறொரு ஊர்ப் பூஜையில போக், அதாவது பிரசாதச் சாப்பாடு, சமைக்கிற கோஷ்டியில இருக்கேன். கிச்சுரி, லாப்ரா, தக்காளிச் சட்னி, பாயேஷ், எல்லாம் முந்நூறு பேருக்கு. செவ்வாய்க்கிழமை இதை யார் வந்து கிண்டுவா? பள்ளிக்கூடமும் வார நாள்ல ஜிம்மை விடாது.

தேதி தப்பிப் பண்றதைப் பத்திக் கேக்குறீங்க. சரத் காலத்துப் பூஜையே தேதி தப்பினதுதான். வசந்த காலத்துல வர்ற பாசந்தி பூஜைதான் மூத்தது. ராவண யுத்தத்துக்காக ராமர் காலமில்லாத காலத்துல துர்கையை எழுப்பினார்னு கிருத்திபாஸ் ராமாயணத்துல வருது. அதனாலதான் இதுக்கு 'அகால போதன்'னே பேரு. 108 நீலத் தாமரையில ஒண்ணு குறைஞ்சப்ப தன் கண்ணையே பிடுங்கி வைக்கப் போனாராமே, அந்தக் கதை.

கும்பகோணத்தான்:
அக்கா, ராமருக்கு யுத்தம். இவங்களுக்கு லீவு கிடைக்கல. ரெண்டும் ஒண்ணா?

சந்தி பூஜைக்கு என்ன பதில் சொல்வீங்க? அஷ்டமியோட கடைசி ஒரு நாழிகை, நவமியோட முதல் ஒரு நாழிகை, மொத்தம் 48 நிமிஷம். சும்பன், நிசும்பன்ங்கிற அசுரங்களோட தளபதிங்க சண்டனையும் முண்டனையும் தேவி வதைச்ச நேரம்னு ஐதீகம். 108 விளக்கு ஏத்துறது அந்த நேரத்துக்குத்தான். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தச் சந்தி எங்கேருந்து வரும்? பாரத் சேவாஸ்ரம் சங்கம் மாதிரி ஆசிரமங்கள் அமெரிக்காவுலயும் திதி பார்த்துத்தான் பண்றாங்க. மனசு இருந்தா முடியும்.

ஹௌரா மருமகள்:
ஆசிரமத்துல சாமியார் இருக்கார், தம்பி. அவருக்கு ஆபீஸ் கிடையாது.

108 விளக்குன்னதும் ஞாபகம் வருது. எங்க ஜிம்ல நெருப்பே கூடாது. போன வருஷம் எங்க வீட்டுக்காரர் ஆசைப்பட்டு துனுச்சியில, அதான் தூபக்கால்ல, தேங்காநார் போட்டு சாம்பிராணி தூவினார். ரெண்டு நிமிஷத்துல அலாரம் அலறி, பட்டுப்புடவையோட அத்தனை பேரும் கார் பார்க்கிங்ல குளிர்ல நின்னோம். அதுலேர்ந்து 108-ம் பேட்டரி விளக்குதான். சிரிச்சுக்கோங்க.

திதி விஷயத்துல வங்காளத்துலயே ஒரே பேச்சு கிடையாது. நமக்கு வாக்கியம், திருக்கணிதம் மாதிரி அங்க குப்தா பிரஸ், விசுத்த சித்தாந்தம்னு ரெண்டு பஞ்சாங்கம். ராமகிருஷ்ண மடத்தோட தலைமையிடமான பேலூர் மடம் விசுத்த சித்தாந்தக் கட்சி. சந்தி நேரம் ரெண்டுலயும் ஒத்துப்போகாது.

கும்பகோணத்தான்:
நிமிஷக் கணக்குல வித்தியாசம் வரலாம், மணிக்கணக்குலகூட வரலாம். செவ்வாய்க்கிழமை அஷ்டமி சனிக்கிழமைன்னு எந்தப் பஞ்சாங்கம் சொல்லுது?

லண்டன் சுப்பு:
நடுவுல ஒரு வார்த்தை. இங்க பிரிக் லேன் பக்கம் பங்களாதேஷ்காரங்க போய்ஷாகி மேளா நடத்துவாங்க. அது வங்காளப் புத்தாண்டுத் திருவிழா. புத்தாண்டு ஏப்ரல் 14-ல, மேளாவோ பல வருஷம் மே மாசத்துல. ஏப்ரல் மழையில யார் ஊர்வலம் போவா? ஒருத்தரும் சண்டைக்கு வரல.

கும்பகோணத்தான்:
அது மேளா சார், பூஜை இல்ல. இவங்களும் 'துர்கா மேளா'ன்னு பேர் வச்சா நான் வாயே திறக்க மாட்டேன்.

எடிசன்காரன்:
இன்னொண்ணு கேக்கணும். ஞாயிறு ராத்திரி ஒருத்தருக்கொருத்தர் குங்குமம் பூசிக்கிற சிந்தூர் கேலா முடிஞ்சு, முகமெல்லாம் குங்குமத்தோட பொம்பளைங்க டோலக் தாளத்துக்கு ஆடுறாங்க... டாக்னு சொல்லணுமாம், தாதா திருத்தினார். அதுவும் ஸ்பீக்கர்லதான். கூட்டம் கலைஞ்சதும் நாலு ஆம்பளைங்க ஏணி வச்சு ஏறி, அம்மனோட பத்துக் கையிலேருந்தும் ஆயுதத்தை ஒவ்வொண்ணா உருவி, பபிள் ராப்புல சுத்தி மரப்பெட்டியில வைக்கிறாங்க. கல்கத்தாவுல சிலை செய்யுற பேட்டையான குமார்துலியிலேருந்து கப்பல்ல வந்த ஃபைபர் சிலையாம், ஆறு வருஷமா அதே சிலை. வாடகை கோடவுன்ல வச்சிருக்காங்க. களிமண்ணுல வந்து தண்ணியில போறதுதானே அந்தப் பண்டிகையே?

ஹௌரா மருமகள்:
இங்க ஆத்துல கரைச்சா அபராதம் போடுவான். அதோட ஊர்லயும் சிலையை ஆத்துல இறக்குறதுக்கு முன்னாடியே தர்ப்பண விசர்ஜன் ஆயிடும். தர்ப்பண்னா இங்க கண்ணாடி. பாத்திரத்துத் தண்ணியில கண்ணாடியை வச்சு, அதுல தெரியுற அம்மன் முகத்தைக் கரைச்சு அனுப்புறது. அதுக்கப்புறம் நிக்கிறது வெறும் மண்ணுன்னு என் மாமியார் சொல்வாங்க. பெட்டியில போறதும் அப்படித்தான்.

கும்பகோணத்தான்:
கண்ணாடி விஷயம் எனக்குத் தெரியாது. ஒத்துக்கிறேன். தேதி விஷயத்துல ஒத்துக்க மாட்டேன்.

எடிசன்காரன்:
அந்த டிக்கெட்?

ஹௌரா மருமகள்:
அதுல எனக்கும் கோவம்தான் அண்ணே. கல்கத்தாவுல எந்தப் பந்தலுக்குள்ள வேணும்னாலும் எவனும் நுழையலாம். தெருவுல சந்தா வசூலிப்பாங்க, கொடுக்காதவனையும் உள்ள விடுவாங்க. இங்க ஹால் வாடகை, இன்சூரன்ஸ்னு கணக்குக் காட்டுறாங்க. அதுல பாதி சனிக்கிழமை ராத்திரி பாட வர்ற மும்பை பாடகருக்குப் போகுது. கச்சேரிக்கு மட்டும் டிக்கெட் போடு, புஷ்பாஞ்சலிக்கு வாசலைத் திறந்து விடுன்னு ரெண்டு வருஷமா கமிட்டியில கத்துறேன். "போவ்தி (அண்ணி), அடுத்த மீட்டிங்ல பேசலாம்"கிறாங்க.

எடிசன்காரன்:
அடுத்த மீட்டிங் எப்ப?

ஹௌரா மருமகள்:
சனிக்கிழமை.