பழைய டிராக்டருக்கு ஒன்றேகால் லட்சம் செலவழிக்கலாமா?

கொழிஞ்சாம்பாறை வயல்: வணக்கம். எங்கள் டிராக்டர் புகை தள்ளுகிறது, இழுவையும் குறைந்துவிட்டது. பழுதுபார்க்கப் பொள்ளாச்சியில் ஒரு பட்டறையில் ஒன்றேகால் லட்சம் கேட்கிறார்கள். சேற்றுழவு நெருங்கிவிட்டதால், செலவழிப்பதா விற்றுவிடுவதா என்று அறிந்தவர்கள் விரைந்து சொல்லவும்.

மீனாட்சிபுரம் தென்னை: எத்தனை குதிரைத்திறன், எந்த ஆண்டு வண்டி, புகை என்ன நிறம், அந்தத் தொகையில் எந்தெந்த வேலைகள் அடங்கும்?

வேலந்தாவளத்தார்: இதைப் பலமுறை விளக்கியிருக்கிறேன், படிப்பவர்தான் இல்லை. நம் பக்கத்துப் புழுதிக்கு ஏர் ஃபில்டர் கிண்ணத்தில் ஆயில் குறைந்தாலே தூசி உள்ளே போய் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிடும். முதலில் அதைப் பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறை வயல்: 36 குதிரைத்திறன், 2006ஆம் ஆண்டு வண்டி, கேரளத்தில் ஓடினாலும் தமிழ்நாட்டுப் பதிவெண். நீலப் புகை. என்ஜின், கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் எல்லாம் சேர்த்துத்தான் அந்தத் தொகை.

டீசல் கை: நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்து நின்றுவிட்டால் வால்வு கைடு, சீல் பக்கம் சந்தேகப்படலாம். கலப்பை இழுக்கும்போது தொடர்ந்து வந்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் ஆவியும் அடித்துக்கொண்டு வந்தால், ரிங்கும் லைனரும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்ளுறை) தேய்ந்திருக்கின்றன என்று கொள்ளலாம். லைனரை மாற்றக்கூடிய என்ஜின் என்றால் வண்டியின் வயதைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. எனக்குப் பயமெல்லாம் பின்சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரப் பகுதியைப் பற்றித்தான். கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டுச் சேற்றில் ஓடிய வண்டியில் ஆக்சில் சீல் வழியாகச் சேற்றுநீர் புகுந்திருந்தால், ஆயில் பால்போல் வெளுத்திருக்கும்; பேரிங்கும் கிரவுன் பல்லும் அரித்திருக்கக்கூடும். ஆகவே அந்த ஆயிலை வடித்துப் பார்க்காமல் என்ஜினுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

சித்தூர் நெல்: எத்தனை ஏக்கர் என்று நீங்கள் சொல்லவே இல்லை. நான்கைந்து ஏக்கர்தான் என்றால் வாடகை வண்டியே போதும். புதிது வாங்குவதானால், 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருப்பதையும் கணக்கில் சேருங்கள்.

வேலந்தாவளத்தார்: பதிவை ஒருவரும் கேட்கவில்லையே! பதிவு செல்லும் 15 ஆண்டு 2021இலேயே முடிந்திருக்கும். அதன்பின் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தீர்களா? வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் கேரளத்தில் வைத்திருந்தால், அங்கிருந்து தடையின்மைச் சான்று வாங்கி இங்கே பதிவெண் மாற்ற வேண்டும்.

மீனாட்சிபுரம் தென்னை: வயலுக்குள் ஓடும் வண்டியை யார் மறிக்கிறார்கள், ஐயா?

வேலந்தாவளத்தார்: வயலுக்குப் பறந்தா போகிறது, தம்பி? சாலையில் ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது ஆர்.சி. என்னும் பதிவுப் புத்தகத்தைத்தான். அது சரியில்லாத வண்டிக்கு ஒன்றேகால் லட்சம் போட்டால், விற்கும்போது அதில் பாதிகூடத் திரும்பி வராது.

டீசல் கை: விற்கிறவருக்கு அது பொருந்தும். இவர் உழப்போகிறவர்.

கொழிஞ்சாம்பாறை வயல்: அனைவருக்கும் நன்றி. பின்பக்க ஆயில் தெளிவாகவே இருந்தது. ரிங், லைனர், ஹெட் வேலை மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன். ஹைட்ராலிக் பிறகு பார்க்கலாம். வண்டி பட்டறையில் இருக்கிறது.

சித்தூர் நெல்: இப்போது தொகை எவ்வளவாகக் குறைந்தது? ஏக்கர் கணக்கையும் சொல்லுங்கள்.

வேலந்தாவளத்தார்: பதிவைப் புதுப்பித்தாரா இல்லையா என்பதற்கும் பதில் இல்லை.