லைஃப் கோச்சா, சைக்காலஜிஸ்ட்டா? வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும்

நூல்கண்டு (திருப்பூர்):

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 38. பனியன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர், 14 வருஷ சர்வீஸ். போன தீபாவளிக்கு முன்னால் மேனேஜர் போஸ்ட் வந்தது. என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள். கோபம்கூடப் பெரிதாக வரவில்லை, ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன். அதற்கப்புறம்தான் இப்படி ஆகிவிட்டேன்.

இப்படி என்றால் எப்படி? ஒன்று மட்டும் சொல்கிறேன். போன வாரம் சாயப்பட்டறையிலிருந்து லேப் டிப் வந்தது, அதாவது கேட்ட நிறத்தில் சாயம் ஏற்றிப் பார்த்த மாதிரித் துணி. நேவி ப்ளூ, ஏ பி சி டி என்று நாலு துண்டு. பையர் கொடுத்த ஒரிஜினலோடு லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்து, எது நெருக்கம் என்று குறிப்பெழுதிக் கூரியரில் போட வேண்டும். பத்து நிமிஷ வேலை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்வேன். அன்றைக்கு ஒரு மணி நேரம் அந்தப் பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றேன். நாலும் ஒன்றாகத் தெரிந்தன. ஜூனியர் பெண் வந்து "அண்ணா, கூரியர்காரர் கிளம்பறாருங்க" என்றதும் கைக்கு வந்த எழுத்தை எழுதிக் கொடுத்தேன்.

சாப்பாட்டு டப்பா பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வருகிறது என்று மனைவிக்கு வருத்தம். ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தாலும் 3:30-க்கு விழிப்பு. அப்புறம் விடியும்வரை மண்டைக்குள் ஓவர்லாக் மிஷின் ஓடும்.

மச்சான் ஒரு லைஃப் கோச்சைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். 12 வாரம், 48,000 ரூபாய். முதல் பேச்சு இலவசம் என்பதால் பேசினேன். நன்றாகத்தான் பேசுகிறார், குறை சொல்ல முடியாது. "அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க எங்க இருக்கணும்?" என்று கேட்டார். எனக்குப் பதிலே வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால் 8,000 தள்ளுபடி.

எங்கள் குடும்ப டாக்டரோ சைக்காலஜிஸ்ட்டைப் பாருங்கள் என்கிறார். அதைக் கேட்டதும் அம்மா அழுதுவிட்டார். "நம்ம வம்சத்துல யாருக்கும் அப்படி இல்லையேடா" என்று. கோச் என்றால் அம்மாவுக்கு ஆட்சேபம் இல்லை, டியூஷன் மாதிரி ஏதோ என்று நினைக்கிறார்.

எங்கே போவது?

வரவுசெலவு:

கோச் என்றாலே ஏமாற்று என்று இங்கே நாலு பேர் வருவார்கள், அதற்கு முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் வங்கியில் இருக்கிறேன். கிளை மேலாளர் ஆனதும் ஆறு தடவை ஒரு கோச்சிடம் போனேன், எனக்கு உதவியது. ஜூனியர்களிடம் கொடுத்த வேலையை நானே திரும்பப் பிடுங்கிச் செய்கிற புத்தி எனக்கு. அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. பிடுங்கும்போதெல்லாம் ஒரு நோட்டில் கோடு போடச் சொன்னார். முதல் வாரம் 17 கோடு. எனக்கே வெட்கமாகிவிட்டது.

ஆனால் தம்பி, அப்போது நான் நன்றாகத் தூங்கினேன், நன்றாகச் சாப்பிட்டேன். உங்கள் பதிவைப் படித்தால் அப்படித் தெரியவில்லை.

சலவைக்கல்:

நான் அந்த நாலு பேரில் ஒருவன்.

அப்பா போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஒரு கோச்சிடம் சேர்ந்தேன். பத்திரிகைகளிலிருந்து படம் வெட்டி அட்டையில் ஒட்டச் சொன்னார். ஆசைப்படும் வீடு, கார், கடற்கரை. ராத்திரி டைனிங் டேபிளில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் கார் வெட்டிக்கொண்டிருந்தேன். சுவரில் அப்பா படம், மாலை காயவில்லை. அப்படியே கத்தரியை வைத்துவிட்டு அழுதேன். மறுநாள் சொன்னபோது "நெகட்டிவ் எனர்ஜியை விடுங்கள்" என்றார்.

கெட்ட மனுஷன் இல்லை. அவருக்குத் தெரிந்தது அந்த அட்டைதான், அழுகிறவனை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. கட்டிய பணம் திரும்பவில்லை. இன்னொன்று, வெள்ளிக்கிழமைக்குள் கட்டு என்கிறவரிடம் சனிக்கிழமை போய்ப் பாருங்கள், தள்ளுபடி அப்படியே இருக்கும்.

வைகைக்கரை:

நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மதுரை. இங்கே எழுதியதை வைத்து நோய்க்குப் பேர் வைக்க மாட்டேன், வைக்கவும் கூடாது. ஆனால் கோச் உங்களிடம் கேட்டது ஐந்து வருஷத்தை. உங்கள் சிக்கல் 3:30 மணியில் இருக்கிறது.

மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க பிஎச்க்யூ-9 என்று ஒரு சின்னக் கேள்வித்தாள் உண்டு. 9 கேள்வி, கடந்த 2 வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முறையாகப் பார்த்தே ஆக வேண்டும் என்று எடுத்துக்கொள்வோம். தூக்கம், பசி, கவனம் மூன்றும் அதில் உண்டு. உங்கள் நேவி ப்ளூ அந்த மூன்றாவதில் வரும். முதலில் குடும்ப டாக்டரிடமே தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் பி12 பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு குறைவாக இருந்தாலும் மனுஷன் இப்படிச் சுருண்டுவிடுவான்.

யாரிடம் போவது என்பதில் ஒரு எச்சரிக்கை. 'தெரபிஸ்ட்', 'கவுன்சலர்' என்ற பலகையை நம் ஊரில் கிட்டத்தட்ட யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள், என்னிடமும் கேட்கிறார்கள். நாங்கள் மாத்திரை எழுத முடியாது. அதற்கு டாக்டருக்குப் படித்த மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட். கோச்சுகளுக்கு அரசுப் பதிவேடு எதுவும் கிடையாது. ஐசிஎஃப் என்ற சர்வதேச அமைப்பு தரும் சான்றிதழில் ஆரம்ப நிலைக்கு 60 மணி நேரப் பயிற்சி, 100 மணி நேர அனுபவம் கேட்பார்கள். சிகிச்சை தேவைப்படுகிறவரை உரியவரிடம் அனுப்பிவிட வேண்டும் என்று அந்த அமைப்பே வலியுறுத்துகிறது. உங்கள் தூக்கத்தைப் பற்றி அந்தக் கோச்சிடம் சொன்னீர்களா?

இன்னொரு கேள்வி, நேராகவே கேட்கிறேன். வாழ்ந்து என்ன ஆகப்போகிறது, செத்துப்போகலாம் என்று எப்போதாவது தோன்றுகிறதா?

நூல்கண்டு:

சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

இரண்டாவது கேள்விக்கு எழுதி எழுதி அழித்தேன். சாக வேண்டும் என்று இல்லை. காலையில் எழாமலே போய்விட்டால் தேவலை என்று சில நாள். மனைவிக்குத் தெரியாது. டாக்டரிடம் போனால் கம்பெனிக்குத் தெரிந்துவிடுமா?

வைகைக்கரை:

எழுதியதற்கு நன்றி, சார். அந்த ஒரு வரியை டாக்டரிடம் முதல் நிமிஷத்திலேயே சொல்லுங்கள். கடைசியில் கதவைத் திறக்கும்போது சொல்ல வேண்டாம், நிறையப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். மனைவியிடம் இன்றைக்கே சொல்லுங்கள். ராத்திரி 3:30-க்கு அந்த நினைப்பு அழுத்தினால் 14416-ஐக் கூப்பிடுங்கள். டெலி மானஸ், மத்திய அரசு 2022-இல் தொடங்கியது, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசு கிடையாது.

கம்பெனிக்குத் தெரியாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை உங்கள் உரிமையாகவே வைத்திருக்கிறது. பணம்தான் கவலை என்றால் உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே காட்டலாம். அம்மாவிடம் "தூக்கத்துக்கு டாக்டரைப் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. கோச் எங்கேயும் ஓடிப்போக மாட்டார்.

வரவுசெலவு:

தம்பி, போய்விட்டு வந்து ஒரு வரி எழுதுங்கள். பார்த்துக்கொண்டே இருப்பேன்.

நூல்கண்டு (ஏழு வாரம் கழித்து):

வரவுசெலவு அக்கா கேட்டதற்காக எழுதுகிறேன். மனைவியிடம் அன்று ராத்திரியே சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய்ப் பால் காய்ச்சிக் கொண்டுவந்தாள். மறுநாள் லீவு போட்டுவிட்டு அவளும் கூட வந்தாள்.

தைராய்டு சரியாக இருக்கிறது. சைக்கியாட்ரிஸ்ட் ஒரு மாத்திரை கொடுத்தார், வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். முதல் வாரம் வயிற்றைப் புரட்டியது, விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். வாரம் ஒரு நாள் சைக்காலஜிஸ்ட். பதிவு எண்ணைக் கேட்டேன், சிரித்துக்கொண்டே காட்டினார். ஆழ்மனம், சின்ன வயசு என்றெல்லாம் போவார் என்று பயந்தேன். காலை ஆறு மணிக்கு டீக்கடைக்கு நடந்து போய்விட்டு வர வேண்டும், தோன்றினாலும் தோன்றாவிட்டாலும். அதுதான் முதல் வீட்டுப்பாடம். கடைக்காரர் இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததும் கிளாஸைக் கழுவ ஆரம்பித்துவிடுகிறார்.

இப்போது விழிப்பு 5 மணி வாக்கில். அந்த 'எழாமல் போனால்' நினைப்பு மூன்று வாரமாக வரவில்லை. கோச்சுக்குப் பணம் கட்டவில்லை. சலவைக்கல் அண்ணன் சொன்னது சரி, தள்ளுபடி மெசேஜ் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. வேலை மாறுவதா வேண்டாமா என்று யோசிக்கும் நிலைக்கு வந்தால் அப்போது ஒரு கோச்சைப் பார்க்கலாம் என்று சைக்காலஜிஸ்ட்டே சொல்கிறார். பார்ப்போம்.

முந்தாநாள் மறுபடி லேப் டிப், இந்தத் தடவை ஆலிவ் க்ரீன். எட்டு நிமிஷத்தில் 'சி' என்று எழுதி அனுப்பினேன். பையர் 'பி'யை அப்ரூவ் பண்ணியிருக்கிறான். அவன் கண்ணைத்தான் யாராவது பார்க்க வேண்டும்.