வண்டி ரத்து அறிவிப்பு வந்தால்: சென்னை மின்சார ரயில் பயணிகளின் அனுபவப் பகிர்வு

பராமரிப்புப் பணி என்று சொல்லி மின்சார ரயில்களை ரத்து செய்யும்போது எது உண்மையில் உதவுகிறது, எங்கே இடறுகிறது என்று இந்த இழையில் எழுதுங்கள். புலம்பலும் சொந்தக் கதையும் வேண்டாம். எந்தப் பாதை, எந்த ஸ்டேஷன், என்ன மாற்று என்பது போதும். ஒவ்வொரு பதிலுக்கும் மேலே எழுதுபவரின் பாதையோ பேசும் விஷயமோ தலைப்பாக இருக்கும்.

செங்கல்பட்டு பாதை

அறிவிப்பைத் தலைப்போடு நிறுத்திக்கொள்வதுதான் முதல் தப்பு. "55 வண்டிகள் ரத்து" என்று செய்தி வரும். உள்ளே போனால் சில முழு ரத்து, சில பகுதி ரத்து, இடையில் சில சிறப்பு வண்டிகள் என்று பிரிந்திருக்கும். பகுதி ரத்தான வண்டி ஓடத்தான் செய்கிறது, பாதி தூரத்துக்கு மட்டும். நீங்கள் இறங்கும் இடம் அந்தப் பாதிக்குள் வந்தால் உங்களுக்கு அன்று எந்த மாற்றமும் இல்லை.

வண்டியை எங்கே நிறுத்துவார்கள் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்ததுதான். மின்சார ரயிலுக்கு இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு, இன்ஜின் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்ட குறுக்குப் பாதை வேண்டும். அது எல்லா ஸ்டேஷனிலும் கிடையாது. அதனால்தான் செங்கல்பட்டு பக்கம் சிங்கப்பெருமாள்கோவில், கூடுவாஞ்சேரி, தாம்பரம், பல்லாவரம் என்றும், கும்மிடிப்பூண்டி பக்கம் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என்றும், அரக்கோணம் பக்கம் ஆவடி, திருவள்ளூர், கடம்பத்தூர் என்றும் அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. உங்கள் ஸ்டேஷனுக்கு இரண்டு பக்கமும் இப்படி எந்த ஊர் இருக்கிறது என்று ஒரு முறை தெரிந்து வைத்துக்கொண்டால், அறிவிப்பு வந்த நிமிடமே பஸ் எங்கிருந்து பிடிப்பது என்று முடிவு செய்துவிடலாம்.

அறிவிப்பில் இல்லாத வண்டியும் வராமல் போவதுண்டு. சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வந்த அதே ரேக்தான் (பெட்டித் தொடர்) திரும்பி பீச்சுக்குப் போகும். வரும் வண்டி ரத்தானால் போகும் வண்டிக்கு ரேக் இல்லை. உங்கள் வண்டி பட்டியலில் இல்லை என்று நிம்மதியாகக் கிளம்பாதீர்கள். அதற்குமுன் எதிர்த்திசையில் வரவேண்டிய வண்டி பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 4-இல் தொடங்கும் ஐந்து இலக்க வண்டி எண்ணை வைத்துத் தேடுவது நல்லது. நேரத்தை வைத்துத் தேடினால் ஃபாஸ்ட்டும் ஸ்லோவும் குழம்பும்.

தாம்பரத்துக்குத் தெற்கே

மேலே சொன்னதற்கு நல்ல உதாரணம் 2024-இல் தாம்பரம் யார்டு (ஸ்டேஷனை ஒட்டித் தண்டவாளங்கள் பிரியும் பகுதி) மாற்றியமைத்தபோது நடந்தது. ஜூலை கடைசியில் தொடங்கியது. ஆகஸ்ட் 14-இல் முடியும் என்றார்கள், 18 வரை நீண்டது. காலை ஒன்பதரை வாக்கிலிருந்து மதியம் வரையும், இரவு பத்துக்கு மேலும்தான் அடி. பீச்சிலிருந்து பல்லாவரம் வரை ஒரு துண்டு, கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டு வரை இன்னொரு துண்டு. நடுவில் இருப்பவர்களுக்கு ஜிஎஸ்டி சாலைதான் கதி.

அந்த இடைவெளியைக் கடக்க மூன்று வழி இருந்தது. பல்லாவரத்தில் இறங்கினால் ஜிஎஸ்டி சாலை பக்கத்திலேயே. அங்கிருந்து மாநகரப் பேருந்து. கூடுதல் பஸ் விட்டார்கள். ஆனால் ஒரு 12 பெட்டி வண்டி இறக்கிவிடும் கூட்டத்துக்கு எத்தனை பஸ் வந்தாலும் காணாது. இரண்டாவது வழி மெட்ரோ. கிண்டி அல்லது பரங்கிமலையில் மாறி விமான நிலையம் வரை போய், அங்கிருந்து தெற்கே போகும் பஸ். இதன் லாபம் என்னவென்றால், பல்லாவரம் கூட்டம் ஏறுவதற்கு முன்னாலேயே பஸ்ஸில் இடம் கிடைக்கும். மெட்ரோவில் அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய், மொபைலில் டிக்கெட் எடுத்தால் 20 சதவீதம் குறையும். மின்சார ரயில் சீசன் டிக்கெட் அங்கே செல்லாது என்பதை மறக்க வேண்டாம். பரங்கிமலையில் மாறுவதானால் இன்னொன்று: அங்கிருந்து வரும் மெட்ரோ சென்ட்ரல் பக்கம் போகிறது. விமான நிலையம் போக ஆலந்தூரில் மாறியாக வேண்டும். கிண்டியில் ஏறினால் அந்த வேலை இல்லை.

மூன்றாவது வழிதான் பலர் கடைசியில் கண்டுபிடித்தது. ஒன்பது மணிக்கு முன்னால் தாம்பரத்தைத் தாண்டிவிடுவது. பிளாக் நேரத்துக்கு, அதாவது பணிக்காகத் தண்டவாளத்தை மூடிவைக்கும் நேரத்துக்கு, வெளியே வண்டி ஓடியது. அரை மணி முன்னதாகக் கிளம்ப முடிந்தவர்களுக்கு வேறு எதுவுமே தேவைப்படவில்லை.

பறக்கும் ரயில்

மூன்று வாரத்துக்கே இப்படி என்றால் எங்கள் பாதையை நினைத்துப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 27 அன்று பீச்சுக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே பறக்கும் ரயிலை (பீச்–வேளச்சேரி பாதை) நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்று சொன்னது, மீண்டும் பீச் வரை ஓடியது 2024 அக்டோபர் 29 அன்று. பதினான்கு மாதம்.

காரணம் பீச்–எழும்பூர் நான்காவது பாதை, 4.3 கிலோமீட்டர். தூரம் சின்னதுதான். ஆனால் கோட்டை, பார்க் ஸ்டேஷன்கள் பக்கம் புதிதாக ஒரு பாதை போட வெற்றிடம் இல்லை. பறக்கும் ரயில் பாதை இருந்த இடத்தையே எடுத்து, அதை நகர்த்தி அமைக்க வேண்டியிருந்தது. இப்படி நிலம் சம்பந்தப்பட்ட வேலை என்று அறிவிப்பில் கண்டால், சொன்ன தேதியை நம்பி வீட்டு வாடகை, பள்ளி, அலுவலக நேரம் எதையும் திட்டமிடாதீர்கள். யார்டு வேலை நாள் கணக்கில் தள்ளும், பாதை மாற்றும் வேலை மாதக் கணக்கில் தள்ளும்.

வேளச்சேரியிலிருந்து வருபவர்களுக்குப் பார்க் டவுன், கோட்டை, பீச் மூன்றும் போயின. சென்ட்ரல் போவதற்கு நன்றாக வேலை செய்தது இது: சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, அரசினர் தோட்டம் மெட்ரோவுக்கு நடை, அங்கிருந்து ஒரே ஸ்டேஷன், சென்ட்ரல். பாரிமுனை போகிறவர்கள் சிந்தாதிரிப்பேட்டை வரை வராமல் சேப்பாக்கத்திலேயே இறங்கி காமராஜர் சாலைக்கு நடந்து பஸ் பிடித்தார்கள். கடைசி ஸ்டேஷன் வரை போய்த்தான் மாற வேண்டும் என்று ஒன்றும் இல்லை. கடைசி ஸ்டேஷனில்தான் ஷேர் ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

கும்மிடிப்பூண்டி, அரக்கோணம் வண்டிகளுக்கு மாறுகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். பீச்சில் ஒரே இடத்தில் நடந்துகொண்டிருந்த மாற்றம் மூன்று டிக்கெட் வேலையாகிவிட்டது.

கும்மிடிப்பூண்டி பாதை

எங்கள் பக்கம் பிளாக் என்றால் பெரும்பாலும் மதியம்தான். ஒரே ஒரு குறிப்பு: பிளாக் முடியும் நேரத்தை வண்டி வரும் நேரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தண்டவாளம் ஒப்படைத்த பிறகு முதலில் விடுவது காத்துக்கிடக்கும் எக்ஸ்பிரஸையும் சரக்கு வண்டியையும்தான். முக்கால் மணி நேரம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, தீபாவளி, பொங்கல் மாதிரி நாட்களில் ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படி ஓடும் என்று ஒரு வரி அறிவிப்பு வரும். அதில் ரத்து என்ற சொல்லே இருக்காது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. விடுமுறை இல்லாத கடைக்காரர்களும் ஆஸ்பத்திரி ஊழியர்களும் ஸ்டேஷனில் நிற்பது அன்றுதான்.

சீசன் கணக்கு

மூன்று மாத சீசனின் விலை மாத சீசனைப்போல் 2.7 மடங்கு. ஆறு மாதம் 5.4, ஒரு வருடம் 10.8. அதாவது மூன்று மாதம் எடுத்தால் மிச்சமாவது ஒன்பது நாள் காசு. யார்டு வேலை வருகிறது என்று தெரிந்தும் மூன்று மாதத்துக்கு எடுத்து, அதில் மூன்று வாரம் பஸ்ஸில் போனால் லாபம் எங்கே? அறிவிப்பு வந்திருந்தால் அந்த முறை மட்டும் மாத சீசன் எடுங்கள், அல்லது பழையது தீர்ந்ததும் இடையில் சில நாள் டிக்கெட் எடுத்துப் போய், வேலை முடிந்த பிறகு புதுப்பியுங்கள்.

மொபைலில் காகிதமில்லாமல் எடுத்த டிக்கெட்டை ரத்து செய்து பணம் வாங்க முடியாது. போர்டைப் பார்த்துவிட்டு எடுங்கள். ஆனால் ஸ்டேஷனுக்குள் நின்றுகொண்டு அந்த டிக்கெட்டை எடுக்கவும் ஆப் விடாது. வாசலுக்கு வெளியே வந்தோ, ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் QR குறியீட்டை ஸ்கேன் செய்தோதான் எடுக்க வேண்டும். இது என்ன நியாயம் என்று கேட்காதீர்கள்.

வண்டி இல்லை என்று அவசரத்தில் எக்ஸ்பிரஸ் ரிசர்வேஷன் பெட்டியில் ஏறுவது, சாதா சீசனோடு ஏசி மின்சார ரயிலில் ஏறுவது இரண்டுக்கும் அபராதம் உண்டு. குறைந்தது 250 ரூபாய், அதோடு கட்டணமும். "வண்டி ரத்து சார்" என்பதை டிடிஆர் காதில் வாங்க மாட்டார்.

செங்கல்பட்டு பாதை

கூட்டத்தைப் பற்றி ஒன்று. ஒரு வண்டி ரத்தானால் அடுத்த வண்டியில் இரண்டு வண்டிக் கூட்டம். ஏறி இறங்க நேரம் பிடிப்பதால் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தாமதமாகும், தாமதமாக ஆக இன்னும் கூட்டம் சேரும். அதற்குப் பின்னால் வரும் வண்டி ஒட்டிக்கொண்டே காலியாக வரும். அதனால் முதல் வண்டியை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுவதே மேல்.

தாம்பரத்துக்குத் தெற்கே

அது சாதாரணத் தாமத நாளுக்குச் சரி. பிளாக் நாளில் செய்யாதீர்கள். அன்று பின்னால் ஒட்டிக்கொண்டு வர வண்டியே இருக்காது, சிறப்பு வண்டிகள் அரை மணிக்கு ஒன்று. வந்ததில் ஏறுங்கள்.

மனு போடுகிறவர்

ரயில்வே உதவி எண் 139-இல் புகார் செய்தால் புகார் எண் கிடைக்கும், "வருத்தம் தெரிவிக்கிறோம்" என்ற பதிலும் கிடைக்கும், அதோடு முடித்துவிடுவார்கள். அதனால் பயனில்லை என்று சொல்லவில்லை. அந்த எண்களைச் சேர்த்து வையுங்கள், பிறகு மனுவோடு இணைக்க உதவும்.

வேலை செய்வது தகவல் உரிமை மனு. இணையத்தில் ரயில்வே அமைச்சகத்தைத் தேர்ந்தெடுத்துப் போடலாம், கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். பலர் தோற்பது கேள்வியில்தான். "ஏன் ரத்து செய்தீர்கள், எப்போது சரியாகும்" என்று கேட்டால், அது தகவல் அல்ல, விளக்கம் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். ஆவணமாகக் கேளுங்கள். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை முழுமையாகவும் பகுதியாகவும் ரத்தான வண்டிகளின் எண், நாள் வாரியாக. ஒவ்வொரு பிளாக்குக்கும் கேட்ட நேரம், கொடுத்த நேரம், முடித்த நேரம். கடைசியில் சொன்ன மூன்று நேரங்கள்தான் முக்கியம். பாதை தாமதமாகக் கையில் கிடைத்ததா, வேலைதான் இழுத்ததா என்பது அதில் தெரிந்துவிடும்.

அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு கோட்ட மேலாளருக்கும் தொகுதி எம்பிக்கும் மனு கொடுங்கள். "கூடுதல் வண்டி விடுங்கள்" என்று கேட்டால் ரேக் இல்லை என்பார்கள். "இந்தப் பிளாக்கை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்", "கூடுவாஞ்சேரியில் நிற்கும் வண்டியைச் சிங்கப்பெருமாள்கோவில் வரை நீட்டுங்கள்" என்று கேளுங்கள். இருக்கிற ரேக்கை வைத்தே செய்யக்கூடியதைக் கேட்டால் மறுக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

கடைசி வண்டி

இரவு பிளாக்கில் தேதியைப் பாருங்கள். பீச்சிலிருந்து 11.59-க்குக் கிளம்பும் வண்டி தாம்பரம் சேரும்போது மறுநாள். "14-ஆம் தேதி இரவு" என்றால் 14 முடிகிற இரவா, 13 முடிந்து 14 பிறக்கிற இரவா என்று பிளாக் தொடங்கும் நேரத்தை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். மெட்ரோ 11 மணியோடு சரி. அதனால் இரவு பிளாக் நாளில் முடிவெடுக்க வேண்டிய நேரம் பத்தரை. அதற்கு மேல் பீச் பிளாட்பாரத்தில் நின்றால், மிச்சம் இருப்பது பாரிமுனை இரவு பஸ் மட்டும்தான்.